கரண்ட் போனால் பூட்டிக்கொள்ளும் பெட்டி

தேனிக்கு மேலே மலையில் இருக்கிற ஆனைக்கரையில் என் அக்கா கல்யாண ஸ்டுடியோ நடத்தினாள். படம் எடுப்பது அவள். உள் அறையில் உட்கார்ந்து படங்களைத் திருத்தி, வீடியோவை வெட்டிச் சேர்த்து, ஆல்பம் ஆக்குவது நான். எங்கள் அம்மா ஏலத்தோட்டத்தில் காய் எடுத்தவள். தோட்டக் கூலிகளின் லயத்து வீட்டில் பிறந்த இரண்டு பெண்கள் மெயின் ரோட்டில் கடை போட்டது பலருக்குப் பொறுக்கவில்லை. ஆனால் மணப்பெண்ணுக்கு அலங்காரம் நடக்கும் அறைக்குள் ஆண் கேமராக்காரன் போக முடியாது, அக்கா போகலாம். அதனால் தமிழ்க்காரர்கள், மலையாளிகள் எல்லோரும் அவளைத்தான் கூப்பிட்டார்கள்.

அக்காவைக் கட்டியவர் சீக்கிரமே வேறொருத்தியோடு போய்விட்டார். அதற்கு முன்பும் அவள் இதமாகப் பேசக்கூடியவள் இல்லை. அதற்குப் பிறகு யாராவது வாசல்படி இறங்கினாலே, திரும்பி வருவார்களா என்று பார்ப்பதுபோல் ஒரு பார்வை பார்ப்பாள். வந்தால் திட்டுவாள்.

எடுத்த கல்யாணங்கள் எல்லாம் ஒரே பெட்டியில் இருந்தன. பெரிய பிஸ்கட் டின் அளவு இருக்கும், கறுப்பு நிறம், உள்ளே வரிசையாக ஹார்ட் டிஸ்க்குகள். நெட்வொர்க் வயரில் இணைத்திருந்ததால் கடையில் இருந்த எந்தக் கம்ப்யூட்டரிலிருந்தும் அதற்குள் போகலாம். சுவிட்சைப் போட்டால் எதுவும் கேட்காமல் திறந்துகொள்ளும்.

ஒரு மழைக்காலத்தில் பக்கத்து ஊரில் ஒரு ஸ்டுடியோவின் பூட்டை உடைத்து, இதே மாதிரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். திருடியவன் அதை என்ன செய்தானோ, கொஞ்ச நாளில் அதிலிருந்த ஒரு படம் எல்லோருடைய போனிலும் வந்தது. எங்கள் லயத்துக்கு மேல் லயத்துப் பெண். பாவாடையும் ரவிக்கையுமாக, தோளில் துண்டு போட்டுக்கொண்டு, தலையில் பூ வைப்பவளிடம் எதற்கோ சிரித்துக்கொண்டு நிற்கிறாள். படத்தில் வேறொன்றும் இல்லை. ஆனால் அவள் சிரித்ததுதான் ஊருக்கு ஆகவில்லை. ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு அந்தப் படத்தைப் பார்த்தார்கள். மாமியார் வீட்டிலிருந்து அவளை ஜீப்பில் ஏற்றி, துணிப்பெட்டியோடு லயத்து வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். ஜீப்பை அணைக்கக்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் அவள் வந்து உட்கார்ந்த பெஞ்சிலிருந்து ஒவ்வொருத்தியாக எழுந்து பின்னால் போனார்கள். அவள் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டாள் என்று பிறகு சொன்னார்கள்.

அக்காவும் அந்தப் படத்தைப் பார்த்தாள். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "லைட்டு வைக்கத் தெரியாத எவளோ எடுத்திருக்கா" என்றாள். பிறகு அலமாரியில் இருந்த எங்கள் பெட்டியைப் பார்த்தாள். "நம்ம பெட்டி போச்சுன்னா இந்த மலையில பாதிப் பொம்பளைக நாண்டுக்கிட்டுச் சாகணும். இதைப் பூட்ட வழி இருக்காடி?"

இருந்தது. நான் வாசித்தும் வீடியோ பார்த்தும் கற்றுக்கொண்டேன். அறைக்குப் பூட்டுப் போடுவதில் பலனில்லை, திருடன் அறையை உடைப்பான். பெட்டிக்குள் இருப்பதையே யாருக்கும் புரியாதபடி குலைத்து வைக்க வேண்டும். பெட்டி ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் கடவுச்சொல் கேட்க வேண்டும். கொடுத்தால்தான் படங்கள் படங்களாகத் தெரியும். கொடுக்காவிட்டால் அத்தனை டிஸ்க்கும் வெறும் இரும்பு. திருடுகிறவன் வயரைப் பிடுங்கித்தானே தூக்க முடியும்? பிடுங்கிய நிமிஷமே அது பூட்டிக்கொள்ளும்.

இருக்கிற டிஸ்க்கை அப்படியே பூட்ட முடியாது. எல்லாவற்றையும் வெளியே பெரிய டிஸ்க்குகளில் எடுத்து வைத்து, பெட்டியைக் காலியாக்கி, பூட்டோடு புதிதாக அமைத்து, மறுபடி உள்ளே ஏற்ற வேண்டும். ஒரு கட்டத்தில் பெட்டியே கேட்டது, சாவியை நானே வைத்துக்கொள்ளட்டுமா, கரண்ட் வந்ததும் தானாகத் திறந்துகொள்கிறேன் என்று. வேண்டாம் என்று பதில் கொடுத்தேன். சாவி உள்ளேயே இருந்தால், தூக்குகிறவன் அதையும் சேர்த்துத்தான் தூக்குவான்.

கடவுச்சொல் தட்டும் இடம் வந்தது. அக்கா என் தோளைப் பிடித்து நாற்காலியிலிருந்து எழுப்பினாள்.

"அங்கிட்டுத் திரும்பிக்க."

"நாந்தான வேலை செய்யப்போறேன், எனக்குத் தெரிய வேணாமா?"

"திரும்புன்னேன்ல."

சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டும் சத்தம் கேட்டது. கடவுச்சொல் மறந்துபோனால் திறப்பதற்குச் சாவிக் கோப்பு ஒன்றைப் பெட்டி கொடுக்கும். அதைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். அதையும் வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வெளியே எடுத்து வைத்த டிஸ்க்குகளில் ஒரு நகலையாவது அம்மா வீட்டில் வைக்கலாம் என்றேன். "பூட்டைப் போட்டுட்டு வாசல்ல ஒரு சாவியை மாட்டி வைப்பியா?" என்று கேட்டு, என்னையே உட்கார வைத்து எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னாள். அவள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அழித்தேன்.

அடுத்த மழை தொடங்கியதும் கரண்ட் போக ஆரம்பித்தது. மரம் விழுந்தால் நாள் முழுக்க வராது. இன்வெர்ட்டர் தாங்கும் வரை தாங்கும், பிறகு பெட்டி அணைந்துவிடும். கரண்ட் வந்ததும் திரையில் கடவுச்சொல் கேட்கும் கட்டம் மட்டும் நிற்கும். அக்கா எங்கோ கல்யாணத்தில் இருப்பாள். போனில் சொல்லமாட்டாள். ஆல்பம் வாங்க வந்தவர்கள் என்னைத் திட்டுவார்கள். அக்கா வந்ததும் அவர்களுக்கு முன்னாலேயே, "இவகிட்டக் குடுத்தா உங்க வீட்டுப் பொண்ணு படமெல்லாம் சந்தைக்குப் போயிரும், அதான் குடுக்கல" என்பாள். அவர்கள் அவளைப் பாராட்டிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போவார்கள்.

கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஸ்டுடியோவில் எடிட்டர் வேலைக்கு எனக்கு அழைப்பு வந்தது. செய்த வேலைகளில் நல்லதாகச் சிலவற்றைத் தொகுத்து அனுப்பச் சொன்னார்கள். ஒளித்துச் செய்ய எனக்கு மனசில்லை, அக்காவிடமே கேட்டேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு, நேராகக் கடைக்குப் போய்ப் பெட்டியின் வயரைப் பிடுங்கினாள். நான் ஒளிந்து பார்த்திருப்பேன் என்று கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டதாக மறுநாள் அவளே சொன்னாள். அன்றிலிருந்து வெளியே கிளம்பும்போதெல்லாம் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் போவாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால்தான் எனக்கு வேலை. கிளம்பும்போது என் பையை வாங்கிக் கவிழ்த்துப் பார்ப்பாள். கோயம்புத்தூர்க்காரர்கள் கொஞ்ச நாள் காத்திருந்துவிட்டு வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அதைச் சொன்னபோது அக்கா அன்றைக்குக் கறி எடுத்து வரச் சொன்னாள்.

கல்யாண சீசன் நடுவில், ஒரு சர்ச்சில், தாலி கட்டுகிற நேரத்தில் அக்காவின் கையிலிருந்து கேமரா விழுந்தது. பிறகு அவளும் விழுந்தாள். அங்கிருந்தவர்கள் முதலில் கேமராவைத்தான் எடுத்துப் பார்த்தார்களாம், தாலி கட்டியது பதிவாகியிருக்கிறதா என்று. கம்பம்மெட்டு வழியாக மலை இறக்கித் தேனிக்குக் கொண்டுபோனோம். வலது கை, வலது கால் இழுத்துக்கொண்டன. பேச்சு போயிற்று. சொல்வது எல்லாம் அவளுக்குப் புரியும், வாயில் வார்த்தை வராது என்றார் டாக்டர். காலையில் கல்யாணத்துக்குக் கிளம்பும்போது வழக்கம்போல் வயரைப் பிடுங்கிவிட்டுத்தான் போயிருந்தாள்.

கைப்பையில் பென் டிரைவ் இருந்தது. அதைக் கொண்டு ஓடினேன். பெட்டி ஏற்கவில்லை. கடவுச்சொல்லை மாற்றினால் பழைய சாவிக் கோப்பு செத்துப்போகும், புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். அக்கா எடுக்கவில்லை, எடுக்கத் தெரியாது, என்னிடம் கேட்கவும் இல்லை. பெட்டி செய்த கம்பெனிக்குப் போன் போட்டேன். கடவுச்சொல்லும் சாவியும் இல்லாமல் எங்களாலும் திறக்க முடியாது, அதற்காகத்தானே பூட்டு என்றார்கள்.

அந்த சீசன் கல்யாணங்கள் எதையும் நாங்கள் இன்னும் கொடுத்திருக்கவில்லை. அக்காவைப் படுக்க வைத்திருந்த அம்மா வீட்டுக்கு ஜனங்கள் வந்தார்கள். முதலில் வந்தவர்கள் ஆர்லிக்ஸ் பாட்டில் கொண்டுவந்தார்கள். பிறகு வெறுங்கையோடு வந்தார்கள். பிறகு நாலைந்து பேராகக் கட்டிலைச் சுற்றி நின்று, லேப்டாப்பை அவள் மடியில் வைத்து, இடது கையைப் பிடித்து எழுத்துகளின் மேல் வைத்து அழுத்தினார்கள். அவள் விரல் எங்கெங்கோ போகும். வாயோரம் எச்சில் வடியும். ஒரு மணப்பெண்ணின் மாமா அதைப் போனில் படம் பிடித்து, எங்கள் கல்யாணத்தைத் தின்றவள் இவள்தான் என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினார். அம்மாவின் போனுக்கே அது வந்தது. அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டாமல் அழித்தாள். நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்.

ஒருத்தி மட்டும் ஞாயிறுதோறும் வந்தாள். ஏலக்காய் ஸ்டோரில் வேலை பார்ப்பவள். மகளுக்கு அந்த சீசனில்தான் கல்யாணம், நாங்கள்தான் எடுத்தோம். கல்யாணமாகிக் கொஞ்ச நாளில் மலைப்பாதையில் ஜீப் உருண்டு அந்தப் பெண் செத்துப்போனாள். மகள் பேசி நடக்கிற வீடியோ அந்தப் பெட்டியில் மட்டும்தான் இருந்தது. சர்ச் முடிந்து நேராக வருவாள். கட்டிலோரம் உட்கார்ந்து அக்காவின் காதில் மெதுவாக ஏதோ சொல்லிக்கொண்டிருப்பாள். ஜெபம் பண்ணுகிறாள் என்று அம்மா நினைத்தாள்.

அக்காவைக் குளிப்பாட்டும்போது இடது கையின் உள்பக்கம் கன்றிப்போன தடங்களைப் பார்த்தேன். புதிதும் பழையதுமாக, வரிசையாக. அடுத்த ஞாயிறு கதவோரம் நின்று பார்த்தேன். பேசிக்கொண்டே கிள்ளினாள்.

"என்ன பண்றீக?" என்றேன்.

அவள் கையை எடுக்கவில்லை. "எம்மகளை உள்ள வச்சுப் பூட்டிட்டு இவ கஞ்சி குடிச்சிட்டுக் கிடக்கா. நான் கிள்ளுறதுதான் உனக்குப் பெருசாத் தெரியுதாக்கும்."

"எந்திரிங்க. இனிமே இங்கிட்டு வராதீக."

அவள் எழுந்தாள். அப்போது கட்டிலிலிருந்து அக்கா பேசினாள். அந்த மாதங்களில் அவளுக்குத் திரும்பியிருந்த சொற்கள் மிகக் கொஞ்சம். அதில் ஒன்றை எடுத்துச் சொன்னாள்.

"வரட்டும்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

பயிற்சி கொடுக்க வருகிற நர்ஸ், இடது கைக்கு வேலை கொடுங்கள், டைப் செய்யச் சொல்லுங்கள் என்றாள். கடையைக் காலி செய்துவிட்டதால் பெட்டியும் வீட்டில்தான் இருந்தது. இனித் திறக்காது என்று ஜனங்கள் வருவது குறைந்திருந்த ஒரு முற்பகல், அக்கா அதைக் கை காட்டினாள். கட்டிலோரம் ஸ்டூலில் வைத்து, வயர்களை மாட்டி, லேப்டாப்பைத் திறந்து கொடுத்தேன். கட்டம் வந்தது. அவள் ஆள்காட்டி விரலை நீட்டித் தட்டினாள். தடுமாறவில்லை, ஒரு எழுத்துகூடத் திருத்தவில்லை. பெட்டி திறந்தது. வருஷம் வருஷமாக, பெயர் பெயராக எல்லாக் கல்யாணங்களும் வந்து நின்றன.

"அக்கா, ஞாபகம் வந்துருச்சா? எப்ப வந்துச்சு?"

அவள் சிரமப்பட்டு வாயைத் திறந்தாள். "எப்பவும்."

"எப்பவும் இருந்துச்சா?"

தலையாட்டினாள். விரலும் கொஞ்ச காலமாகவே சொன்னபடி கேட்டது என்று கையை மடக்கி நீட்டிக் காட்டினாள். பிறகு குனிந்து, சுவரிலிருந்து வயரைப் பிடுங்கினாள். பெட்டியின் விளக்கு அணைந்தது.

"ஏன்?" என்றேன்.

"நீ போயிருவ."

நான் வெளியே போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமல் கேட்டுவிட்டு, "கெஞ்சிக் கேளு. குடுப்பா" என்றாள். அக்கா எச்சில் வடிய நடித்ததும், சுற்றி நின்றவர்கள் கையை முறுக்கும்போது பொறுத்ததும், கிள்ளலைத் தாங்கியதும் இதற்காகத்தான். பெட்டி பூட்டியிருக்கும் வரை வாசலில் ஆள் வரும். நான் வீட்டில் இருப்பேன். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்காமல்தான் சோறு ஊட்டினேன்.

விஷயம் பரவியதும் வந்தவர்களின் நடை மாறியது. வடியும் எச்சிலைப் படம் பிடித்த மாமா கேக் வாங்கிக்கொண்டு வந்தார். அக்கா அவரை மழையில் முற்றத்திலேயே நிற்க வைத்தாள். கேக்கைத் தின்று முடித்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டார் படங்களை மட்டும் திறந்து கொடுத்தாள். அவருடைய வீட்டுப் பெண் ஒரு படத்திலும் இல்லை. அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

செத்த பெண்ணின் தாயை ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாள். அவள் வந்து உட்கார்ந்ததும் பெட்டியைத் திறந்து, என்னை வீடியோவைப் போடச் சொன்னாள். பெண் வெள்ளைச் சேலையில் சர்ச் நடையில் வருகிறாள். வாசலில் நின்று பின்னால் திரும்பி, "எம்மா, எங்க இருக்க? வா" என்கிறாள். அக்கா வயரைப் பிடுங்கினாள்.

தாய் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "மிச்சம்?" என்று கேட்டாள்.

"அடுத்த... ஞாயிறு."

அடுத்த ஞாயிறு வந்து, முதலில் அக்காவின் காலைப் பிடித்துவிட்டாள். கிள்ளிய அதே கையால் எண்ணெய் தேய்த்தாள். அதற்குக் கூலியாக மகள் சர்ச்சின் பாதித் தூரம் நடந்தாள். அதற்கடுத்த ஞாயிறு இன்னும் கொஞ்சம். அக்கா என்னைப் பார்ப்பாள், பார்த்தாயா என்பதுபோல். ஒருநாள் போகும்போது அந்தத் தாய் வாசலில் என் கையைப் பிடித்தாள். "தாலி கட்டுறதுக்கு இன்னும் எத்தன ஞாயிறுடி இருக்கு?" என்று கேட்டாள்.

அன்றைக்குத்தான் எனக்கு யோசனை வந்தது. பெட்டி கடவுச்சொல் கேட்பது ஆன் ஆகும்போது மட்டும். அணையாமல் இருந்தால் கேட்காது.

கடையில் இருந்த யூபிஎஸ், கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் சின்ன பேட்டரிப் பெட்டி, வீட்டில் சாக்குக்கு அடியில் கிடந்தது. கட்டப்பனை டவுனுக்குக் கொண்டுபோய்ப் புது பேட்டரி போட்டு, கரண்ட் போனால் கத்துகிற அதன் சத்தத்தை நிறுத்தி வாங்கி வந்தேன். கட்டிலுக்கு அடியில், துணிப்பெட்டிக்குப் பின்னால் வைத்து, சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் இணைத்தேன். பெட்டியையும் ஸ்டூலிலிருந்து எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன், மழை ஒழுகுகிறது என்று சொல்லி. ஒழுகவும் செய்தது.

ஞாயிறு வந்தது. தாய் கால் பிடித்தாள். அக்கா கடவுச்சொல்லைத் தட்டினாள். பெண் பீடத்துக்கு முன்னால் வந்து நின்றாள். அக்கா சுவர் வயரைப் பிடுங்கினாள். நான் லேப்டாப்பை மூடினேன். கட்டிலுக்கு அடியில் பெட்டியின் விளக்கு அணையவில்லை. தகரத்தில் மழை விழுந்த சத்தத்தில் அதன் விசிறிச் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை.

சாப்பிட்டுவிட்டு அவள் தூங்கியதும் வயரைச் சுவரில் திரும்பச் செருகினேன். பெரிய டிஸ்க்கை மாட்டி, இன்னும் கொடுக்காத கல்யாணங்களை எல்லாம் இறக்கத் தொடங்கினேன், முதலில் அந்தப் பெண்ணின் கல்யாணத்தை. அம்மா வாசலில் உட்கார்ந்திருந்தாள். நான் என்ன செய்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்து வந்து தடுக்கவும் இல்லை, நல்லது என்று சொல்லவும் இல்லை. அக்கா விழித்தபோது இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது. காபி கொடுத்தேன். குடித்தாள். அவள் குடித்து முடிக்கும்போது அதுவும் முடிந்தது.

அந்த வாரத்தில் எல்லோருக்கும் அவரவர் கல்யாணத்தைக் கொடுத்து முடித்தேன். பெண்ணின் தாயிடம் ஸ்டோர் வாசலிலேயே பென் டிரைவைக் கொடுத்தேன். அவள் அதை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவைத் தலைவாரி உட்கார வைத்திருந்தோம். அந்தத் தாய் வந்தாள். உட்காரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, அக்காவின் கையைத் திருப்பி, உள்பக்கத்தில் என் கண் முன்னாலேயே நிதானமாகக் கிள்ளினாள். "எம்மக தாலி கட்டிக்கிட்டா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அக்கா என்னைப் பார்த்தாள். "யாரு... சொன்னா?"

"பாஸ்வேர்டை யாரும் சொல்லல. பெட்டி அணையவே இல்ல" என்று கட்டிலுக்கு அடியில் இருந்ததை இழுத்துக் காட்டினேன்.

அவளுக்குப் புரிந்தது. இடது கையால் என் முகத்தில் அடித்தாள். நர்ஸ் சொன்ன பயிற்சியெல்லாம் அந்தக் கைக்கு நன்றாகவே பலன் கொடுத்திருந்தது.

கோயம்புத்தூரில் வேறொரு ஸ்டுடியோவில் வேலை கிடைத்தது. இங்கேயும் ஒரு பெட்டி இருக்கிறது. அதற்கும் நான்தான் இதே பூட்டைப் போட்டேன். கடவுச்சொல் முதலாளிக்கும் தெரியும், அவருடைய மனைவிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஊரில் இப்போது அக்காவைப் பார்க்க யாரும் வருவதில்லை. எல்லோரிடமும் இருக்கிற படங்களை உள்ளே வைத்துக்கொண்டு, அவள் தினமும் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு வயரைப் பிடுங்குகிறாள் என்று அம்மா போனில் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போடச் சொல்கிறாளாம்.

"ஒருக்கா வந்துட்டுப் போயேன்" என்றாள் அம்மா.

வரமாட்டேன் என்றேன். போன் அக்காவின் பக்கத்தில்தான் இருந்தது, ஸ்பீக்கரில். அவள் மூச்சு விடுவது கேட்டது.